பால் எடுக்கும்போது வலித்தால்

(ஆகஸ்ட் முதல் வாரம், உலகத் தாய்ப்பால் வாரத்தை ஒட்டி நம் குடியிருப்பின் கூடத்தில் பேசியது. அன்று வர முடியாதவர்கள் கேட்டதால் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.)



நம் செயலாளர் என்னைப் பேசச் சொன்னபோது, பென்ஷன், நாமினேஷன், லாக்கர் என்று ஏதாவது சொல்வேன் என்று நினைத்திருப்பார். அதெல்லாம் இன்னொரு நாள் பேசலாம். இன்று தாய்ப்பாலைப் பம்ப் வைத்து எடுக்கும்போது வரும் மார்பு வலியைப் பற்றிப் பேசப் போகிறேன். பின்வரிசையில் இருக்கும் ஆண்கள் எழுந்து போக வேண்டாம். உங்கள் வீட்டிலும் மகளோ மருமகளோ இருப்பார்கள். அவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு அழுதால் உங்களுக்கும் காரணம் தெரிய வேண்டும்.

நான் படித்தது பி.காம். முப்பத்து நான்கு வருடம் வங்கியில் கிளார்க் வேலை. டாக்டர் இல்லை. நான் சொல்வதில் பாதி, என் மகளுக்குப் பார்த்த டாக்டரும் நர்ஸும் சொல்லித் தந்தது. மீதி, நானே தப்புச் செய்து கற்றுக்கொண்டது.

முதலில் என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1990-இல் என் மகள் பிறந்தாள். அப்போதைய பேறுகாலச் சட்டம் 1961-ஆம் வருடத்தது. அதன்படி 12 வாரம்தான் விடுப்பு. (இப்போது இருக்கும் 26 வாரம் 2017-இல்தான் வந்தது.) பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு, அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிப் பக்கம் ஒரு கிளைக்குப் பேருந்தில் போய் வந்தேன். எந்த வங்கி என்று கேட்காதீர்கள். பதினோரு மணிக்கு மார்பு கல் மாதிரி ஆகிவிடும். கவுன்டரில் பருத்தி போட்ட பணம் வாங்க ஆட்கள் டோக்கனோடு நிற்பார்கள். நடுவில் எழுந்தால் மேனேஜர் முகம் மாறும். மத்தியானம் பாத்ரூமில் நின்றுகொண்டே பிழிந்து தண்ணீரோடு விடுவேன். வெளியே ஒருவர் கதவைத் தட்டுவார். முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு வந்து மறுபடி நோட்டு எண்ணுவேன். ஒரு நாள் வலியில் எண்ணியதில் 500 ரூபாய் குறைந்தது. என் சம்பளத்திலிருந்து கட்டினேன். இரண்டு மாதத்தில் பால் வற்றிவிட்டது. பவுடர் டப்பா வீட்டுக்கு வந்தது.

எடுத்த பாலைச் சேர்த்துவைத்துப் பிள்ளைக்குக் கொடுக்கலாம் என்று எனக்கு அன்று யாரும் சொல்லவில்லை. வலிக்கு வைத்தியம் உண்டு என்றும் சொல்லவில்லை. “எல்லாருக்கும் அப்படித்தான் தாயி, பொறுத்துக்கோ” என்றுதான் சொன்னார்கள். நானும் அதையே மனதில் வைத்துக்கொண்டு, முப்பத்தைந்து வருடம் கழித்து என் மகளிடம் அப்படியே ஒப்பித்தேன். அந்தத் தப்பைத்தான் சொல்ல வந்தேன்.

என் பேரன் 33 வாரத்திலேயே பிறந்துவிட்டான். எடை ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் கூட. மதுரையில் ஒரு மருத்துவமனையின் பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்திருந்தார்கள். சிசேரியன் தையலோடு மகளை இங்கே நம் வீட்டுக்குக் கூட்டிவந்தோம். குறைமாதப் பிள்ளைக்கு உறிஞ்சும் பலமோ, உறிஞ்சி விழுங்கி மூச்சு விடும் ஒழுங்கோ இருக்காது. அதனால் தாய் பாலை எடுத்துக் கொடுக்க வேண்டும். அதைக் குழாய் வழியாகவோ பாலாடையிலோ புகட்டுவார்கள். நம் பாட்டிமார் வைத்திருந்த அதே பாலாடைதான். வெளிநாட்டு மருத்துவக் கட்டுரைகளிலும் அதை ‘பாலாடை’ என்ற நம் பெயராலேயே எழுதுகிறார்கள் என்று டாக்டர் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

டாக்டர் சொன்ன கணக்கு, ஒரு நாளைக்கு எட்டுத் தடவைக்குக் குறையாமல் எடுக்க வேண்டும், இரவிலும் விடக் கூடாது என்பது. மார்பில் பால் தேங்கினால் உடம்பு ‘போதும்’ என்று எடுத்துக்கொண்டு சுரப்பைக் குறைத்துவிடும். காலி செய்யச் செய்யத்தான் ஊறும். பேங்க் கணக்குக்கு நேர் எதிர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே எடுக்க எடுக்கத்தான் இருப்பு ஏறும். மாப்பிள்ளை பம்ப் வாங்கி வந்தார். நான் ஒரு நீள நோட்டில் கோடு போட்டேன். தேதி, நேரம், இடது, வலது, மொத்தம் எத்தனை மில்லி. தினமும் காலையில் ஐஸ் பெட்டியில் பால் மதுரைக்குப் போகும்.

இரண்டாம் நாளிலிருந்தே மகள் பம்பை வைக்கும்போது பல்லைக் கடித்தாள். காம்பு எரிகிறது, ஊசி குத்துகிற மாதிரி இருக்கிறது என்றாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? பம்பின் வேகத்தை மேலே ஏற்றினேன். “கூட வச்சா சீக்கிரம் முடிஞ்சிரும்லம்மா” என்றேன். பொறுத்துக்கோ என்றும் சொன்னேன். பாலும் ஒரு தடவைக்கு 20, 25 மில்லியைத் தாண்டவில்லை. ஐந்தாம் நாள் பாட்டிலில் பால் இளஞ்சிவப்பாக இருந்தது. காம்பு வெடித்து ரத்தம் கலந்திருக்கிறது. எனக்குக் கை நடுங்கிவிட்டது.

அன்று மகளையும் கூட்டிக்கொண்டே மதுரைக்குப் போனோம். அந்தப் பிரிவின் நர்ஸம்மா முதலில் பயத்தைப் போக்கினார். கொஞ்சம் ரத்தம் கலந்திருந்தால் பிள்ளைக்குக் கெடுதல் இல்லை, டாக்டரைக் கேட்டுவிட்டுக் கொடுக்கலாம் என்றார். பிறகு என் நோட்டை வாங்கிப் புரட்டினார். “அம்மா, மில்லி எல்லாம் அழகா எழுதியிருக்கீங்க. வலிக்குதான்னு ஒரு காலம் போடலையே” என்றார். முப்பத்து நான்கு வருடம் லெட்ஜர் எழுதியவளிடம் அவர் அப்படிச் சொன்னார். எனக்குப் பதில் வரவில்லை.

பம்பை அவர் முன்னாலேயே வைத்துக் காட்டச் சொன்னார். இரண்டு நிமிடத்தில் விஷயம் தெரிந்துவிட்டது. பம்பில் மார்பின் மேல் பொருந்தும் புனல் ஒன்று இருக்கிறது. அதன் குழாய்க்கு அளவு உண்டு. பெட்டியோடு பெரும்பாலும் 24 மில்லிமீட்டர் புனல்தான் வரும். நாங்கள் அதை எல்லோருக்கும் பொது அளவு என்று நினைத்துவிட்டோம். நர்ஸம்மா ஒரு சின்ன ஸ்கேலால் மகளின் காம்பின் அடிப்பாகத்தை அளந்தார். 15 மில்லிமீட்டர். புனல் அவ்வளவு பெரிதாக இருந்தால் காம்போடு சேர்ந்து சுற்றியிருக்கும் கருவட்டமும் உள்ளே இழுபடும், வீங்கும், உரசும். புனல் சிறியதாக இருந்தால் காம்பு குழாய்ச் சுவரில் தேய்ந்து புண்ணாகும். காம்பின் அளவைவிட ஓரிரு மில்லிமீட்டர், அதிகம் போனால் மூன்று நான்கு கூட இருந்தால் போதும். காம்பு நடுவில் தாராளமாக முன்னும் பின்னும் போய்வர வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்கும் என்பதும் கிடையாது. பிரசவமான சில வாரத்தில் அளவு மாறவும் செய்யும், அதனால் திரும்ப அளக்க வேண்டும். செருப்பு வாங்கினால் நடந்து பார்த்து வாங்குகிறோம். இதற்கு ஒரு அளவு இருக்கிறது என்றே எங்களுக்குத் தெரியவில்லை.

அடுத்தது வேகம். அதிகமாக இழுத்தால் அதிகப் பால் வரும் என்பது தப்பு. பால் இறங்குவதற்கு ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் சுரக்க வேண்டும். வலியும் பயமும் அதைத் தடுக்கும். ஆக, வலிக்க வலிக்க இழுத்தால் பால் குறையத்தான் செய்யும். முதல் ஓரிரண்டு நிமிடம் லேசாக, வேகவேகமாக இழுக்கும் கட்டத்தில் வைக்க வேண்டும். குழந்தை முதலில் அப்படித்தான் சப்பும். பால் இறங்கியதும் மெதுவான, ஆழமான இழுப்புக்கு மாற்ற வேண்டும். அதிலும் வலிக்காத அளவுக்குள் எது அதிகமோ அதுவே எல்லை. மகள் ஒன்பதில் வைத்திருந்தாள். நான்குக்கு இறக்கினார்கள். ஒரு தடவைக்குப் பதினைந்து இருபது நிமிடம் போதும். பால் நின்ற பிறகும் அரை மணி நேரம் இழுத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

17 மில்லிமீட்டர் புனல் வாங்க மாப்பிள்ளை மதுரையில் நாலு கடை ஏறி இறங்கினார். அன்று ராத்திரியே மகள் வலி இல்லாமல் பால் எடுத்தாள். மூன்றாம் நாள் ஒரு தடவைக்கு 40 மில்லி. நோட்டில் வலிக்கும் ஒரு காலம் போட்டேன், பூஜ்யத்திலிருந்து பத்து வரை. பத்தில் தொடங்கியிருக்க வேண்டிய காலம், இரண்டில் தொடங்கியது.

பம்ப்தான் வேண்டும் என்பதில்லை, கையே போதும் என்பதையும் அங்கேதான் கற்றோம். குறிப்பாக முதல் இரண்டு நாள் சீம்பால் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். அதைப் பம்பைவிடக் கையால் எடுப்பதே நல்லது. கட்டைவிரலை மேலேயும் மற்ற விரல்களைக் கீழேயும் வைத்து, காம்பிலிருந்து ஒரு அங்குலம் தள்ளிப் பிடிக்க வேண்டும். நெஞ்சை நோக்கி அழுத்தி, விரல்களைச் சேர்த்து, விட வேண்டும். தோலின் மேல் விரல் வழுக்கக் கூடாது, காம்பைப் பிடித்து இழுக்கக் கூடாது. கொதிக்கவைத்த சின்னக் கிண்ணம் ஒன்று போதும். நம் பக்கத்தில் சீம்பாலைப் பீய்ச்சி விட்டுவிட்டுச் சேனை தொட்டு வைப்பது இன்னும் சில வீடுகளில் நடக்கிறது. அந்த மஞ்சள் பால்தான் பிள்ளைக்கு முதல் தடுப்பூசி மாதிரி. தயவுசெய்து கொட்டாதீர்கள்.

இப்போது மல்லிகைப் பூ விஷயம். இதற்காகவே சிலர் அன்று என்னோடு சண்டை போட்டார்கள்.

இரண்டாவது வாரம் மகளுக்குப் பால் கட்டிக்கொண்டது. மார்பு இறுகி, தொட்டால் கத்தினாள். கேள்விப்பட்டு வந்த உறவுக்கார மதினி ஒருவர், நல்லெண்ணத்தோடுதான், நாலு முழம் மல்லிகைச் சரம் வாங்கி வந்து, “மார்ல வச்சுக் கட்டு, ராத்திரிக்குள்ள கட்டு இறங்கிரும்” என்றார். நம் ஊருக்குப் பெயரே அரும்புக் கோட்டையிலிருந்து வந்தது என்று சொல்வார்கள். பூவுக்கு இங்கே பஞ்சமா? நானும் ஊசியும் துணியும் தேடப் போய்விட்டேன்.

அப்போது திருச்சுழிப் பக்கத்தில் என் அம்மாச்சி வீட்டில் சின்ன வயதில் பார்த்தது நினைவுக்கு வந்தது. என் சித்திக்குப் பிறந்த பிள்ளை நாலாம் நாள் இறந்துவிட்டது. பால் மட்டும் நிற்கவில்லை. சித்தி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அம்மாச்சி ஒன்றும் பேசாமல் மல்லிகைச் சரத்தை மார்பில் வைத்துக் கட்டினார். வாடினால் அவிழ்த்துப் புதுப் பூ. சில நாளில் பால் நின்றது. அதாவது, மல்லிகை பாலை நிறுத்துவதற்கான வைத்தியம்.

இது வெறும் பாட்டி வைத்தியம் இல்லை. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் மல்லிகைப் பூவை, பாலை நிறுத்தக் கொடுக்கும் புரோமோகிரிப்டின் மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்து 1988-இல் ஓர் ஆஸ்திரேலிய மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஹார்மோனை இரண்டுமே குறைத்தன. மாத்திரை கூடுதலாகக் குறைத்தது. ஆனால் மார்புக் கட்டு, பால் அளவு, வலி மாத்திரை தேவைப்பட்ட அளவு இவற்றில் இரண்டும் சமமாகவே வேலை செய்தன. அம்மாச்சிக்குத் தெரிந்திருந்தது சரிதான். பிள்ளையை இழந்தவருக்கு அது மருந்து. மதுரையில் பிள்ளை பாலுக்குக் காத்திருக்கும்போது என் மகளுக்கு அதைக் கட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மதினியிடம் விஷயத்தைச் சொல்லிப் பூவைச் சாமி படத்துக்குப் போட்டேன். அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். இப்போது சரியாகிவிட்டது.

சரி, பால் கட்டினால் என்னதான் செய்வது? நாம் வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, கட்டியைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்து உடைப்போம். இதைத்தான் செய்யாதீர்கள் என்றார் டாக்டர். தாய்ப்பால் மருத்துவர்களின் உலக அமைப்பு ஒன்று 2022-இல் இதற்கான வழிமுறையையே மாற்றி எழுதியிருக்கிறதாம். உள்ளே இருப்பது பால் அடைப்பு மட்டும் இல்லை, திசுக்களின் வீக்கமும்தான். அழுத்தித் தேய்த்தால் வீக்கம் கூடும். துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடம், இறகால் தடவுவது போல அக்குளை நோக்கி லேசான வருடல், டாக்டர் சொன்ன வலி மாத்திரை. பால் எடுப்பதை நிறுத்தவும் வேண்டாம், ‘காலி பண்ணியே தீருவேன்’ என்று கூடுதலாக எடுக்கவும் வேண்டாம். வழக்கமான நேரத்துக்கு வழக்கமான அளவு.

ஆனால் மார்பில் ஒரு பகுதி சிவந்து, காய்ச்சலும் குளிர் நடுக்கமும் வந்தால் வீட்டு வைத்தியம் போதாது. அன்றே டாக்டரிடம் போங்கள். தாமதித்தால் சீழ் கட்டி, கீற வேண்டிய நிலை வரும். எடுக்கும்போது காம்பு வெள்ளையாகி, பிறகு நீலமாகி எரிந்தால் அது ரத்தக் குழாய் சுருங்குவது. அதற்கு வேறு வைத்தியம் உண்டு. எடுத்து முடித்த பிறகும் உள்ளே சுருக்கென்று குத்திக்கொண்டே இருந்தாலும், இரண்டு வாரத்தில் கரையாத கட்டி இருந்தாலும் காட்ட வேண்டும். மருமகள் சொல்லக் கூச்சப்படுவாள். மாமியார்தான் கேட்க வேண்டும்.

பாலை வைத்திருப்பது பற்றி இரண்டே வார்த்தை. 25 டிகிரி வரை உள்ள அறையில் நாலு மணி நேரம் வைக்கலாம் என்று எழுதியிருக்கும். நம் கரிசல் காட்டுச் சித்திரை வெயிலில் அந்த 25 டிகிரியை எங்கே போய்த் தேடுவது? எடுத்ததும் ஃபிரிட்ஜில் உள்ளே தள்ளி வையுங்கள், கதவில் வேண்டாம். நாலு நாள் வரை தாங்கும் என்பார்கள். ஆனால் நம் பக்கம் கரன்ட் போகிற போக்குக்கு, குறைமாதப் பிள்ளைக்கு நாங்கள் ஒரு நாளுக்கு மேல் வைக்கவில்லை. கொடுக்கும் முன் வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்து வெதுவெதுப்பாக்குங்கள். அடுப்பிலும் மைக்ரோவேவிலும் வேண்டாம்.

இன்னொன்று. பேரன் வீட்டுக்கு வந்த பிறகு மகளுக்குப் பால் மிஞ்சியது. இந்தியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989-இல் மும்பை சயான் மருத்துவமனையில் டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ் தொடங்கியது. நான் பாத்ரூமில் பாலைக் கொட்டுவதற்கு ஒரு வருடம் முன்னால்! தமிழ்நாட்டில் 2015 ஆகஸ்டில் ஏழு அரசு மருத்துவமனைகளில் தொடங்கினார்கள், மதுரையும் அதில் ஒன்று. தானமாக வரும் பாலை, கொடுப்பவருக்கு ரத்தப் பரிசோதனை செய்து, சூடாக்கிக் கிருமி நீக்கிக் குறைமாதப் பிள்ளைகளுக்குத் தருகிறார்கள். வங்கி என்றால் எனக்குப் பணம் மட்டும்தான் தெரிந்திருந்தது. அதே மாதம்தான் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகளையும் அரசு திறந்தது.

பேருந்து நிலையத்தில் இருப்பது நம் குடியிருப்பில் இல்லை. இதைச் சொல்லத்தான் கடைசியாக நிற்கிறேன். நம் படிக்கட்டு கூட்ட வரும் பெண்ணுக்கு ஐந்து மாதக் கைக்குழந்தை. பிள்ளையைத் தாயிடம் விட்டுவிட்டு, ஏழு மணிப் பேருந்தில் வந்து இரண்டு மணிக்குப் போகிறார். போன மாதம் தண்ணீர் மோட்டாரைப் போடக் கீழே போனேன். மோட்டார் ரூம் பக்கத்துப் பாத்ரூமில் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு பாலைப் பிழிந்து தண்ணீரோடு விட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துக்கொண்டு, “ஒண்ணுமில்லம்மா, இந்தா முடிச்சிட்டேன்” என்றார். நான் அவரிடம் எதற்கு மன்னிப்புக் கேட்டேன் என்று அவருக்குப் புரிந்திருக்காது.

மீட்டர் போர்டு பக்கத்தில் பழைய பொங்கல் விழா பேனர்கள் கிடக்கும் சின்ன அறையை அவருக்கும், நம் வீடுகளில் வேலை செய்யும் மற்றப் பெண்களுக்கும், விருந்தாளியாக வரும் கைக்குழந்தைக்காரிகளுக்கும் ஒதுக்க வேண்டும் என்று கேட்டேன். ஒரு நாற்காலி, உள்தாழ்ப்பாள், கை கழுவக் குழாய், ஆபீஸ் ஃபிரிட்ஜில் ஒரு தட்டு. அவ்வளவுதான். பராமரிப்புக் கணக்கில் இதற்கு என்ன ஆகும் என்று பொருளாளர் கேட்டார். கணக்கைத் தாளில் எழுதியே கொண்டுபோயிருந்தேன், கொடுத்துவிட்டேன்.

இதை எழுதும்போது பேனர்கள் மொட்டை மாடிக்குப் போய்விட்டன. நாற்காலி என் வீட்டிலிருந்து கொடுத்தேன். 19 மில்லிமீட்டர் வரை மூன்று அளவுப் புனல்களும் அளவு பார்க்கும் ஸ்கேலும் என்னிடம் இருக்கின்றன. புனல் போட்டுப் பார்த்து அளவு தெரிந்துகொள்ளத்தான், கொதிக்கவைத்துத் தருவேன். உங்களுக்கென்று புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள். உள்தாழ்ப்பாள் மட்டும் இன்னும் போடவில்லை. ஆசாரி திங்கட்கிழமை வருகிறேன் என்றிருக்கிறார்.